பென்ஸ் வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது என்ஜினை

வியாபாரம் கொஞ்சம் நிமிர்ந்தவுடன் எமது முதலாளிமார் பலருக்கு வரும் முதல் ஆசை ஒரு பென்ஸ் கார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் லிங்கநகரில் கார் பேரம் நடக்கும் இடங்களில் என் காதில் விழுவது இரண்டே கேள்விகள்தான். என்ன வருஷம்? கடைசி விலை என்ன? எந்த என்ஜின் என்று கேட்பவரைக் காண்பது அரிது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் ஜப்பான் கார்களின் விலை எங்கேயோ போய்விட்டது. அந்த விலைக்கு, சில வேளை அதற்கும் குறைவாக, பழைய ஈ கிளாஸ் பென்ஸ் ஒன்று கிடைக்கிறது. பொறி இங்கேதான் இருக்கிறது. ஈ கிளாஸ் என்பது ஒரு கார் அல்ல. ஐம்பது வருடத்தில் வந்த பல தலைமுறைகள், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு என்ஜின்கள்.

1976 இல் வந்த டபிள்யூ 123 ஐ எடுத்துக்கொள்வோம். பத்து வருடத்தில் ஏறத்தாழ 27 இலட்சம் வண்டிகள் செய்தார்கள். 1977 இல் இங்கு திறந்த பொருளாதாரம் வந்த காலத்து வண்டி என்பதால் வயதானவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். 240 டி டீசலுக்கு 72 குதிரைவலுதான். கந்தளாய் தாண்டி லொறி ஒன்றை முந்துவதற்குள் பொறுமை போய்விடும். ஆனால் அந்த டீசல் ஓடத் தொடங்கிய பிறகு பெட்டரி செத்தாலும் நிற்காது. எல்லாம் இரும்பும் பம்பும்தான். இதற்கு முந்திய தலைமுறை 240 டி ஒன்றை கிரேக்க நாட்டு டாக்சிக்காரர் ஒருவர் 46 இலட்சம் கிலோமீற்றர் ஓட்டி, 2004 இல் கம்பனியின் நூதனசாலைக்கே கொடுத்தார். இந்தக் கதையைச் சொல்லி கார் விற்பவர்கள் ஒன்றை விட்டுவிடுவார்கள்: அந்த மனிதர் இடையிடையே என்ஜினை மாற்றிக்கொண்டே வந்தார்.

அடுத்து வந்தது டபிள்யூ 124. 1984 கடைசியில் தொடங்கி 1995 வரை செய்யப்பட்டது. ஈ கிளாஸ் என்ற பெயரே 1993 இல் இதற்குத்தான் முதலில் சூட்டப்பட்டது. என் அபிப்பிராயத்தில் வியாபாரிக்கு ஏற்ற கடைசி பழைய பென்ஸ் இதுவே, அதிலும் டர்போ இல்லாத 250 டி. 1990களின் முற்பகுதியில் வந்த பெற்றோல் வண்டியானால் என்ஜின் வயரிங்கைத் திறந்து பாருங்கள். வயரின் மேலுறை சூட்டில் பொடிப்பொடியாய் உதிர்வது அக்காலத்து வண்டிகளின் அறியப்பட்ட குறை.

1995 முதல் 2002 வரை வந்த, வட்டக் கண் முகம் கொண்ட டபிள்யூ 210 தான் இன்று மலிவாய்க் கிடைப்பது. துரு இதன் பரம்பரை நோய். கொழும்புக்காரர் சமாளிக்கலாம், உப்புக் காற்றில் வாழும் திருகோணமலைக்காரர் சில்லுக்கு மேலுள்ள தகட்டையும் கதவடியையும் விரலால் அழுத்திப் பார்க்காமல் முற்பணம் கொடுக்கவே கூடாது. 1998 இல் இதற்கு சி.டி.ஐ. டீசல் வந்தது. இழுவை கூடியது, எண்ணெய்ச் செலவு குறைந்தது. கூடவே விலையுயர்ந்த இன்ஜெக்டரும் கொம்பியூட்டரும் வந்தன.

2002 இல் வந்த டபிள்யூ 211 பார்க்க மிக அழகு. அதன் பிரேக்கோ மின்சாரத்தில் இயங்குவது. 2004 இலும் 2005 இலும் உலகம் முழுவதும் இலட்சக்கணக்கான வண்டிகளைத் திருப்பி அழைத்தார்கள். 2006 இல் அந்த முறையையே கைவிட்டு சாதாரண பிரேக்குக்குத் திரும்பினார்கள். அந்த பிரேக் பெட்டி தான் எத்தனை தடவை மிதிக்கப்பட்டது என்று எண்ணிக்கொண்டிருக்கும்; கணக்கு முடிந்தால் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கும். அப்போது எங்கள் ஊர் பாஸ்மாரால் ஒன்றும் செய்ய முடியாது. பஞ்சிகாவத்தையில் பழையது தேட வேண்டும், அல்லது புதியதற்குக் கேட்பதைக் கொடுக்க வேண்டும். ஆகவே 211 தான் வேண்டுமென்றால் 2006 மாற்றத்துக்குப் பின் வந்ததாய்ப் பாருங்கள்.

2009 இன் டபிள்யூ 212 இல் 1.8 லீற்றர் பெற்றோல் என்ஜின் என்றால், குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து டைமிங் செயினின் சத்தத்தைக் கேளுங்கள். 2016 இல் வந்த 213 இன் டீசல் இரண்டு லீற்றருக்கும் குறைவு, ஆனால் 194 குதிரைவலு. எமது நாட்டில் தீர்வை என்ஜினின் கொள்ளளவைப் பார்த்து விதிக்கப்படுவதால் சின்ன என்ஜினுக்கு இங்கே தனி மதிப்பு உண்டு. 2023 இன் 214 பற்றி எழுதி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. வாங்கக்கூடியவர் இந்தப் பத்தியைப் படித்து வாங்கமாட்டார்.

மூன்று இலட்சம் கிலோமீற்றர் ஓடிய 250 டியையும், ஒன்றரை இலட்சம் ஓடிய 2003 ஆம் ஆண்டு 211 ஐயும் ஒரே விலைக்கு நிறுத்தினால் எமது ஆட்கள் பத்துப் பேரில் ஒன்பது பேர் இரண்டாவதைத்தான் எடுப்பார்கள். கார் கராஜில் கிடக்கும் மாதத்தில் லீசிங் தவணையும், அதை ஈடுகட்டக் கடையிலிருந்து எடுக்கும் சரக்குப் பணமும் யாருக்கும் காத்திருப்பதில்லை. பேரத்துக்குப் போகும்போது கையில் காசோலைப் புத்தகம் வேண்டாம். பென்ஸ் தெரிந்த பாஸ் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, என்ஜின் ஆறியிருக்கும் காலை வேளையில் போங்கள்.