சொப்பு தடிமனா இருக்கு!

விநாயகர் சதுர்த்தி நெருங்கினால் எங்கள் டெல்டா பக்கம் ஒரு புலம்பல் கேட்கும். "நெல்லு விளையற தஞ்சாவூர்ல பாக்கெட் கொழுக்கட்டை மாவு விக்கிறான் சார்! இந்தக் காலத்துப் பொம்பளைங்களுக்கு உடம்பு வணங்கலை." புலம்புகிறவர் அநேகமாக ஆம்பளை. மேல்மாவை ஒரு தடவைகூடத் தொட்டிருக்க மாட்டார்.

நானும் அந்தக் கட்சியில் இருந்தவன்தான். ஒரு வருஷம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "அப்ப நீங்களே பண்ணுங்க" என்று மனைவி ஒதுங்கிக்கொண்டார்.

பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, துணியில் நிழலில் பரப்பி, ஈரம் முழுசாகப் போவதற்குள் மில்லுக்கு ஓட வேண்டும். அரைத்த மாவைச் சலித்து, உப்பும் நல்லெண்ணெயும் விட்ட கொதிநீரில் கொட்டிக் கிளறி, மூடிவைத்து, சூட்டோடு பிசைய வேண்டும். கோதுமை மாவுக்கு இழுபடும் தன்மை உண்டு. அரிசி மாவுக்குக் கிடையாது. கொதிநீரில் வெந்து பசையாகிற மாவுச்சத்துதான் சொப்பை உடையாமல் பிடித்து நிறுத்துகிறது. மேல்நாட்டில் 'பை' என்கிற பலகாரத்தின் மேல்மாவுக்கு ஐஸ் தண்ணீர் விடுவார்கள். நமக்கோ விரல் பொரிய வேண்டும். சூட்டுக்குப் பயந்து நான் ஆறவிட்டேன். முதல் பத்து சொப்பும் வாய் பிளந்தன.

அப்போதுதான் அம்மா ஞாபகம் வந்தது. விடிகாலையில் குளித்துவிட்டு, வெறும் வயிற்றோடு அடுப்படியில் நிற்பார். நைவேத்தியத்துக்கு முன்னால் பூரணத்தில் இனிப்பு சரியா என்று நாக்கில் வைத்துப் பார்க்கவும் முடியாது. எல்லாம் முடிந்து இலை போட்டதும் அப்பா தீர்ப்பு சொல்வார்: "சொப்பு கொஞ்சம் தடிமனா இருக்கே." அந்த வீட்டில் யாரும் "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. நானும் கேட்கவில்லை.

நான் பி.காம். படித்தவன். அடக்க விலைக் கணக்கில் அரிசி, வெல்லம், தேங்காய், கேஸ் எல்லாம் எழுதிவிட்டு, கூலி என்ற இடத்தில் பூஜ்யம் போட்டால் வாத்தியார் பேப்பரை முகத்தில் எறிவார். ஆனால் வீட்டுக்கு வீடு அந்தப் பூஜ்யம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. 2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு சர்வேயில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம். அதே வேலையில் இறங்கும் ஆண், 88 நிமிடம்.

ஆண்களுக்குக் கை வராது என்று சொல்லாதீர்கள். திருச்சி மலைக்கோட்டையில் சதுர்த்திக்கு மாணிக்க விநாயகருக்கும் உச்சிப் பிள்ளையாருக்கும் தலா 75 கிலோவில் கொழுக்கட்டை படைக்கிறார்கள். மடைப்பள்ளியில் அதைச் செய்வது ஆண்கள்தான். கோயிலில் ஆண் செய்தால் கைங்கரியம். வீட்டில் பெண் செய்தால் கடமை. அவள் பாக்கெட் வாங்கினால் மட்டும் கலாசாரச் சீரழிவா?

ஈரமாவில் செய்த சொப்பின் மென்மை பாக்கெட்டில் வராது. ஒத்துக்கொள்கிறேன். அந்த மென்மை வேண்டும் என்பவர்கள் அடுத்த சதுர்த்திக்கு அரிசித் தூக்கோடு மில் வரிசைக்கு வாருங்கள். நானும் அங்கேதான் நிற்பேன். வர முடியாதவர்கள், பாக்கெட் மாவுக் கொழுக்கட்டையை வாயை மூடிக்கொண்டு சாப்பிடுங்கள்.

பிள்ளையாரே அப்படித்தான் சாப்பிடுகிறார். சொப்பு தடிமன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.