வசனத்தோடு பாடம் முடியக் கூடாது



கோடையில் தேவாலயங்கள் நடத்தும் விடுமுறை வேதாகமப் பள்ளிகளுக்குப் பிள்ளைகள் ஆர்வமாக வருகிறார்கள். பாட்டு, கதை, மனப்பாட வசனம் எல்லாமே நல்லவைதான். ஆனால், வசனம் ஒப்பித்துப் பரிசு வாங்குவதோடு பாடம் முடிந்துவிடக் கூடாது; பிற சமயத்தவரை மதிக்கவும் அவர்களுக்கு உதவவும் பிள்ளைகள் கற்க வேண்டும்.

எங்கள் திருத்தணியில் 1888-இல் பிறந்த முன்னாள் குடியரசுத் தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன், திருப்பதி லுத்தரன் மிஷன் பள்ளி, வேலூர் ஊரிசு கல்லூரி, சென்னை கிறித்தவக் கல்லூரி ஆகியவற்றில் பயின்றவர். இந்து சமயத்தின் மீது கிறித்தவர்கள் வைத்த விமர்சனமே தம்மை அதை ஆழ்ந்து கற்கத் தூண்டியது என்று பின்னாளில் எழுதினார். பிறர் நம்பிக்கையை இகழ்வது வேதாகம வகுப்பின் வேலையல்ல என்பதே நாம் இதில் கற்க வேண்டியது.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு மலையேறும் பக்தர்களைப் பார்த்தே எங்கள் பிள்ளைகள் வளர்கிறார்கள். லூக்கா நற்செய்தியின் 10-ஆம் அதிகாரத்தில் வரும் கதையில், அடிபட்டுக் கிடந்தவனைக் காப்பாற்றியவன் யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரியன். அந்தக் கதையைச் சொல்லும் ஆசிரியர்கள், களைத்து வரும் பக்தருக்குத் தண்ணீர் கொடுக்கவும் பிள்ளைகளைப் பழக்க வேண்டும்.

ஞாயிறு பள்ளி ஆசிரியர்களே, பெற்றோர்களே, விசுவாசத்தை அன்பான செயலாகவும் கற்றுக்கொடுங்கள்.

- ஞாயிறு பள்ளி ஆசிரியை, திருத்தணி