ஈரக் கடதாசியில் ஒரு யானை



கடதாசி மடிப்பதென்றால் மடிப்பு கத்தி விளிம்பு போல இருக்க வேண்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பாடசாலைக் கண்காட்சிக்காக மகள் ஒரு யானை மடித்தாள். மடிப்புகள் ஒழுங்கில்லை என்று ஏசி, அதை அவளிடமிருந்து வாங்கி, ஒவ்வொரு மடிப்பையும் நகத்தால் அழுத்தித் தேய்த்துக் கொடுத்தேன். அயன் பண்ணிய யானை! "இது யானை இல்லை அம்மா, கடித உறை" என்று சொல்லிவிட்டு எழுந்து போனவள், கிழமைக் கணக்கில் கடதாசியைத் தொடவேயில்லை.

அந்த உறுத்தலோடுதான் ஜப்பானியக் கலைஞர் அகிரா யோஷிசாவாவைப் பற்றி வாசித்தேன். 1911இல் பிறந்தவர். தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில், இளம் தொழிலாளருக்குக் கேத்திரகணிதத்தைக் கடதாசி மடித்தே விளக்கினாராம். பிறகு அந்த வேலையை விட்டு, சோற்றோடு சாப்பிடும் தொடுகறியை வீடு வீடாக விற்றுக்கொண்டு, மிச்ச நேரமெல்லாம் மடித்தார். 1955இல் அவரது உருவங்கள் ஆம்ஸ்டர்டாமில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2005இல் தமது 94ஆவது பிறந்த நாளன்றே காலமானார். கடதாசியை ஈரமாக்கி மடிக்கும் முறை அவர் உருவாக்கியது.

அதற்கு மெல்லிய கடதாசி உதவாது. நீர்வர்ணம் தீட்டும் தடித்த கடதாசி நல்லது. கடதாசி செய்யும்போது அதில் ஒரு பசை சேர்க்கிறார்கள். ஈரம் பட்டதும் அது இளகி, கடதாசி வளைந்து கொடுக்கும். காய்ந்ததும் வளைத்த வடிவிலேயே இறுகிவிடும். ஈரத்துணியைப் பிழிந்து இரு பக்கமும் ஒற்றினால் போதும். கடதாசி பளபளத்தால் தண்ணீர் கூடிவிட்டது என்று அர்த்தம், சற்று ஆறவிடுங்கள். இன்னொன்று, ஈரத்தில் கடதாசி ஒரு பக்கமாகக் கூடுதலாக நீளும். அதனால் சதுரத்தை ஈரமாக்கிய பிறகே சரிபார்த்து வெட்ட வேண்டும். இது தெரியாமல் நான் இரண்டு தாள்களை வீணாக்கினேன்.

மடிக்கும்போது நகம் வேண்டாம், விரல் நுனி போதும். ஈரமான தாளில் அழுத்தித் தேய்த்தால், மடிப்புகள் சந்திக்கும் இடத்தில் கிழிந்துவிடும். மடித்து முடிந்ததும் வயிற்றுக்குள் விரலை விட்டு மெதுவாக வெளியே தள்ளுங்கள். காதைக் கிண்ணம் போலக் குழியுங்கள். தும்பிக்கையைப் பென்சிலில் சுற்றுங்கள். கால்கள் விரியாமல் நூலால் கட்டி, தேவையான இடங்களில் உடுப்புக் கிளிப்பை மாட்டி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். மழை நாளென்றால் இன்னும் கூடுதலான நேரம் எடுக்கும்.

நான் தனியே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது மகள் வந்து பக்கத்தில் நின்றாள். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தாள். "அம்மா, நகத்தை எடுங்கோ" என்று என் கையை விலக்கிவிட்டு, தும்பிக்கையை அவளே சுற்றினாள்.

யானை இப்போது அலுமாரிக்கு மேலே நிற்கிறது. ஒரு காது சற்றுக் கிழிந்திருக்கிறது. நான் தண்ணீரைக் கூட்டிய இடம் அது.