பழைய வாகனத்துக்கு மாற்று எஞ்சின்: சட்டம் அனுமதிப்பது எதை?

திருவனந்தபுரம்: ஸ்ரீவராகத்தில் பழைய ஜீப் வைத்திருப்பவர் அதன் பழுதான எஞ்சினை மாற்ற விரும்பினால், பணிமனைக்கு முன்பாக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அணுகுவதே பாதுகாப்பானது.

தயாரிப்பாளர் நிர்ணயித்து, பதிவுச் சான்றிதழில் இடம்பெற்ற விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9-ஆம் தேதி தீர்ப்பளித்தது. கேரளத்திலிருந்து வந்த அந்த வழக்கில், உயர் நீதிமன்றத்தின் மாறுபட்ட தீர்ப்பை நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு ரத்து செய்தது. அதற்கு அடிப்படை, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு.

அதே தயாரிப்பு, அதே வகை எஞ்சினை உரிய ஒப்புதலுடன் பொருத்தலாம். சி.என்.ஜி., எல்.பி.ஜி., மின்கலம் ஆகியவற்றுக்கு மாற, விதிகளுக்கு உட்பட்ட மாற்றுக் கருவித் தொகுப்புக்கும் இடமுண்டு. விதியை மீறி மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது ஒரு மாற்றத்துக்கு ரூ.5,000 அபராதம் அல்லது இரண்டும் விதிக்க 182ஏ பிரிவு வழிசெய்கிறது.

கூடுதல் திறனுள்ள எஞ்சினைப் பழைய பிரேக்கும் அடிச்சட்டமும் தாங்காமல் போகலாம் என்பதால் இக்கட்டுப்பாட்டில் நியாயம் உண்டு. ஆனால், உற்பத்தி நின்றுபோன வாகனத்துக்கு அதே வகை எஞ்சின் கிடைப்பது அரிது. புகை குறைந்த புதிய டீசல் எஞ்சினுக்குக் கிடைக்காத சலுகை மின்கலத்துக்குக் கிடைக்கிறது. பரிசோதனை அடிப்படையில் தனி நடைமுறை வகுக்கப்படாத வரை, இந்த இடைவெளி நீடிக்கும்.

அதுவரை, எஞ்சின் வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்துவதும், புதிய எண்ணைப் பதிவுச் சான்றிதழிலும் காப்பீட்டிலும் சேர்ப்பதும் அவசியம். எண் மாறுபட்டால், விபத்து இழப்பீடு கோரும்போது சிக்கல் எழக்கூடும்.