பூல் டேபிளும் பெண்கள் கழிப்பறையும்

புது ஊரில் ஆட இடம் தேடுகிறவர்கள் முதலில் டேபிளைப் பார்ப்பார்கள். நான் கழிப்பறையைப் பார்ப்பேன். பெண்களுக்கென்று தனியாக ஒன்று இருந்து, அதன் தாழ்ப்பாளும் விழுந்து, குழாயில் தண்ணீரும் வந்தால், உள்ளே இருக்கும் டேபிள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கேலியாகச் சொல்லவில்லை. யாரும் கேட்காத கழிப்பறையையே கவனிக்கிற முதலாளி, டேபிள் துணியைக் கவனிக்காமல் விடமாட்டார்.

நான் மதுரைக்காரி. தொழில் சார்ட்டர்டு அக்கவுன்டன்ட். வங்கிக் கிளைத் தணிக்கை, நூற்பாலைத் தணிக்கை என்று வருஷத்தில் பாதி வெளியூர் லாட்ஜில்தான் கழிகிறது. கிளை மேலாளர் ஷட்டரை இறக்கிவிட்டால் அப்புறம் நமக்கு வேலை இல்லை. கூட வரும், பயிற்சியில் இருக்கும் ஆர்ட்டிகிள் பையன்கள் பரோட்டா கடையையும் இரண்டாவது ஆட்டத்தையும் தேடிப் போவார்கள். நான் ஸ்னூக்கர் பார்லரைத் தேடிப் போவேன். அப்பா வேலை பார்த்த மில்லின் ஆபீசர்ஸ் கிளப்பில் ஒரு பழைய டேபிள் இருந்தது. அங்கிருந்த மார்க்கர் தாத்தாதான் எனக்கு ஸ்டிக் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். ஸ்கோர் எழுதுவது, பந்தை எடுத்து வைப்பது, துணியைத் துடைப்பது, பெரிய அதிகாரிகளிடம் நாசூக்காகத் தோற்றுப்போவது, இத்தனையும் மார்க்கர் வேலை. "தலையத் தூக்காத பாப்பா. பந்து விழுந்துச்சா இல்லையான்னு காதுக்கே தெரியும்" என்பார்.

உள்ளே போனதும் ஸ்டிக்கை எடுத்துவிடாதீர்கள். வெள்ளைப் பந்தை எடுத்து, கையாலேயே மெதுவாக நீளவாக்கில் உருட்டிவிடுங்கள். வேகமாகப் போகிற பந்து எந்தக் குறையையும் காட்டாது. நிற்கப்போகும் கடைசி ஓரடியில்தான் டேபிளின் குணம் தெரியும். பந்து எப்போதும் ஒரே பக்கமாக ஒதுங்கினால் டேபிள் மட்டத்தில் இல்லை. முழு அளவு ஸ்னூக்கர் டேபிள் 12 அடிக்கு 6 அடி. துணிக்கடியில் ஐந்து ஸ்லேட் பலகைகளைச் சேர்த்துப் பொருத்தியிருப்பார்கள். சேர்ந்த இடத்தில் பூச்சு பெயர்ந்திருந்தால் பந்து அங்கே லேசாகத் துள்ளும். பூல் டேபிள் 7, 8, 9 அடிகளில் வருகிறது; அதில் வேறொரு தொல்லை. பூல் பந்துகள் 57 மில்லிமீட்டர், ஸ்னூக்கர் பந்துகள் 52.5 மில்லிமீட்டர். பூல் செட்டில் வெள்ளைப் பந்து தொலைந்தால் ஸ்னூக்கர் வெள்ளையை எடுத்துப் போட்டுச் சமாளிக்கிற இடங்கள் உண்டு. சின்னப் பந்தால் பெரிய பந்தை அடித்தால் கோணமும் சரியாக வராது, பின்னிழுப்பும் கட்டுக்குள் நிற்காது. அந்த இடத்தில் ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

துணிதான் எல்லாவற்றிலும் பெரிய விஷயம். ஸ்னூக்கர் துணியில் கம்பளி இழைகள் ஒரே திசையில் படிந்திருக்கும். டி எனப்படும் அரைவட்டம் இருக்கும் முனையிலிருந்து கருப்புப் பந்து வைக்கும் முனை நோக்கித்தான் பிரஷ் போட வேண்டும். அதே திசையில்தான் இஸ்திரியும் போட வேண்டும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் ஈரம் ஏறி, மாலைக்குள் துணி கனத்துவிடும். எவ்வளவு அடித்தாலும் பந்து பாதி வழியில் படுத்துக்கொள்ளும்.

விருதுநகர் பக்கம் ஒரு சின்ன ஊர். பைக் உதிரிபாகக் கடைக்கு மேலே, கைப்பிடி இல்லாத படியேறிப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். லுங்கியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் டேபிளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அழுத்தாமல், நிறுத்தாமல், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே இழுப்பு. திரும்பும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்து, மறுபடி அதே முனையில் தொடங்கினார். என்னைப் பார்த்ததும், "பையனக் கூப்பிட வந்தீங்களா மேடம்? இன்னும் யாரும் வரலையே" என்றார்.

"நான்தாண்ணே ஆட வந்தேன்."

ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தார். "பத்து நிமிஷம் உக்காருங்க. துணி சூடு ஆறட்டும்" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். கூட யார் வருகிறார்கள், வீடு எங்கே, எதற்கு இந்த ஆட்டம் என்று ஒரு கேள்வி இல்லை. ஓட்டை ஃபேன், தகரக் கூரை, ஆனால் பந்து கோடு போட்ட மாதிரி ஓடியது. மாநகர மால்களில் இப்படி ஒரு டேபிளை நான் பார்த்ததே இல்லை. பௌலிங் லேனுக்கும் வீடியோ கேமுக்கும் நடுவே ஓர் அலங்காரப் பொருளாகத்தான் அங்கே டேபிள் நிற்கிறது. கரையில் கோலா கொட்டிய பிசுபிசுப்பு, முனைத்தோல் உதிர்ந்த ஸ்டிக்குகள். ஸ்டிக் முனையில் தேய்க்கும் சாக் கேட்டால் எந்தக் கலர் மேடம் என்று கேட்கிறார்கள்.

வழி கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்பீர்கள். செல்போன் வரைபடத்தை நம்பிப் பயனில்லை. அதில் ஐந்து நட்சத்திரம் வாங்கும் இடங்களின் படங்களைப் பாருங்கள்: நீல விளக்கு, சுவரில் சிங்கப் படம், ஸ்டிக்கைத் தோளில் சாய்த்து நிற்கும் பிறந்தநாள் கூட்டம். டேபிளின் படம் மட்டும் இருக்காது. நான் கண்டுபிடித்த ஒரே நம்பகமான வழி, துணி மாற்றும் ஃபிட்டர்கள். ஒரே ஃபிட்டர் பல ஊர்களுக்குப் போய்த் துணி மாற்றுவார், மட்டம் பார்ப்பார், குஷன் ரப்பர் போடுவார். யார் முறையாகத் துணி மாற்றுகிறார், யார் கிழிசலுக்கு ஒட்டுப்போடச் சொல்கிறார் என்று அவருக்குத்தான் தெரியும். ஓர் ஊரில் ஒரு ஃபிட்டரின் நம்பர் கிடைத்தால் சுற்றுவட்டாரம் முழுக்கக் கிடைத்த மாதிரி. தணிக்கையிலும் இதே கதைதான்: ஆண்டறிக்கையை விட ஸ்டோர் கீப்பர் உண்மை பேசுவார்.

சொந்த ஸ்டிக் வைத்திருந்தால் ரயிலில் போங்கள். விமானத்தில் கையோடு கொண்டுபோக விடமாட்டார்கள். சரக்கோடு போட்டால் முனை பிழைப்பது அதிர்ஷ்டம். ரயிலில் அதிகபட்சம், "உள்ளே நாதஸ்வரமா?" என்று பக்கத்து சீட்டுக்காரர் விசாரிப்பார்.

இவ்வளவு தேட வேண்டியிருப்பது ஏன்? இந்த ஆட்டத்தை நாமே ஒளித்து வைத்திருக்கிறோம். ஒரு பக்கம் உறுப்பினர் மட்டும் நுழையும் கிளப்புகள். மறுபக்கம் மாடியிலோ அடித்தளத்திலோ, கண்ணாடிக்குக் கருப்பு ஸ்டிக்கர் ஒட்டிய அறைகள். நடுவில் ஒன்றுமில்லை. கருப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு முதலாளிகள் சொல்லும் காரணம், தெருவிலிருந்து பார்க்கிறவர்கள் சூதாட்டம் என்று நினைத்துவிடுவார்கள் என்பது. ஒட்டிய பிறகுதான் எல்லாரும் அப்படி நினைக்கிறார்கள்.

தோற்றவர் ஃபிரேம் காசு, அதாவது அந்த ஓர் ஆட்டத்துக்கான கட்டணம், கொடுக்க வேண்டும் என்பது பல பார்லர்களில் வழக்கம். அதுவும் சூதுதானே என்று என்னிடமே ஒரு வங்கி மேலாளர் வாதம் செய்தார். தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் 1930-ஆம் ஆண்டுடையது. வெறும் திறமையால் ஆடும் ஆட்டங்களுக்கு அந்தச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. 1996-இல் கே.ஆர்.லட்சுமணன் வழக்கில், குதிரைப் பந்தயமே திறமை சார்ந்ததுதான் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. குதிரையின் கால்களை நம்பிப் பணம் கட்டுவது திறமை என்றால், என் கையை நம்பி நான் ஆடுவதற்கு என்ன பெயர்? பார்லர்களில் பெரிய பந்தயம் கட்டுகிறவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். கிரிக்கெட்டுக்கும்தான் கட்டுகிறார்கள். அதற்காக யாரும் மைதானத்தைச் சுற்றிக் கருப்புத் துணி கட்டுவதில்லை.

இத்தனைக்கும் இது நம் மண்ணில் பிறந்த ஆட்டம். 1875-இல் ஜபல்பூர் ராணுவ மெஸ்ஸில் மழைக்காலப் பொழுதுபோக்காக ஸ்னூக்கரைத் தொடங்கிவைத்தவர் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி. பின்னாளில் ஹிட்லரிடம் சமாதானம் பேசப் போன பிரதமர் சேம்பர்லின் வேறு ஆள். இந்தச் சேம்பர்லின், சென்னை ராணுவத் தலைமைத் தளபதி பிரடெரிக் ராபர்ட்ஸின் உதவி அதிகாரியாகக் கோடைதோறும் ஊட்டிக்கு வந்தார். ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில்தான் ஸ்னூக்கர் விதிகளை எழுதி மாட்டினார்கள். 1885-இல் இந்தியா வந்த ஆங்கிலேய பில்லியர்ட்ஸ் சாம்பியன் ஜான் ராபர்ட்ஸ் கல்கத்தாவில் சேம்பர்லினைச் சந்தித்து விதிகளைக் கேட்டறிந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். உலகம் முழுக்க தொலைக்காட்சியில் பார்க்கிற ஆட்டத்துக்கு நீலகிரியில் விதி எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஊட்டிக்கு வேலையாகப் போகும் என் போன்ற ஒருத்தி அந்த அறைக்குள் போய் ஒரு ஃபிரேம் ஆட முடியாது. தனியார் கிளப், அவர்கள் உரிமை. அதில் எனக்குச் சண்டை இல்லை. அந்த ஊரில் பொதுமக்களுக்கென்று அரசு ஒரு டேபிள்கூட ஏன் போடக்கூடாது என்பதுதான் என் கேள்வி.

சாம்பியன்கள் இல்லை என்று சாக்குச் சொல்லவும் முடியாது. எந்த விளையாட்டிலும் தனிநபர் உலகப் பட்டம் வென்ற முதல் இந்தியர் ஒரு பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரர்தான்: வில்சன் ஜோன்ஸ், 1958, கல்கத்தா. பல உலகப் பட்டங்கள் வென்ற பங்கஜ் அத்வானி தேறிவந்தது பெங்களூரில் கர்நாடக மாநில பில்லியர்ட்ஸ் சங்கத்தின் அரங்கில். வித்யா பிள்ளை 2017-இல் சிங்கப்பூரில் பெண்கள் உலக ஸ்னூக்கர் இறுதிவரை போய், ஹாங்காங்கின் இங் ஆன் யீயிடம் 5-6 என்று கடைசி ஃபிரேமில்தான் தோற்றார். அதே இங் ஆன் யீயை 2025 நவம்பரில் தோஹாவில் வீழ்த்தி உலகப் பட்டம் வாங்கியவர் சென்னையைச் சேர்ந்த அனுபமா ராமச்சந்திரன். அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் இருந்த ஊரின் பார்லரில் பெண்கள் கழிப்பறையில் சாக் பெட்டிகளையும் உடைந்த ஸ்டிக்குகளையும் அடுக்கி வைத்திருந்தார்கள். கேட்டதற்கு, "லேடீஸ் யாரும் வர்றதில்லைக்கா" என்றான் கல்லாவில் இருந்த தம்பி. வராததால் அடைத்தார்களா, அடைத்ததால் வரவில்லையா என்று அவனிடம் வழக்காடவில்லை. மறுநாள் போனபோது காலி செய்து பினாயில் ஊற்றி வைத்திருந்தான். டேபிளும் சுமார் இல்லை, நல்ல டேபிள்.

திறந்த கதவு என்ன செய்யும் என்பதற்குப் பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரேயஸைச் சொல்லலாம். சிறு வயதில் மணிலாவில் மாமாவின் பூல் ஹாலில் வளர்ந்தவர். உயரம் எட்டாததால் குளிர்பானப் பெட்டிகளை அடுக்கி ஏறி நின்று ஆடினார், இரவில் டேபிள்மேலேயே தூங்கினார். 1999-இல் கார்டிஃபில் நைன்-பால் உலக சாம்பியன் ஆனார். அந்த ஹாலில் கருப்புக் கண்ணாடியும் உறுப்பினர் அட்டையும் இருந்திருந்தால் பூல் உலகத்துக்கு ரேயஸ் கிடைத்திருக்க மாட்டார்.

அதனால் விளையாட்டுத் துறைக்கு ஒரு கோரிக்கை. மாவட்டத் தலைநகரங்களில் விளையாட்டு அரங்கங்கள் இருக்கின்றன. இறகுப்பந்துக்கும் டேபிள் டென்னிஸுக்கும் உள்ளரங்கம் கட்டத் தெரிந்த நமக்கு, ஒரு ஸ்னூக்கர் டேபிளும் ஒரு பூல் டேபிளும் போடுவது பெரிய செலவல்ல. இந்தியத் தயாரிப்பில் நல்ல டேபிள் ஒன்று ஒரு சின்னக் காரின் விலைக்குள் வந்துவிடும். மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குங்கள், ரசீது கொடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். துணிக்கு இஸ்திரி போட ஒரு ஆளைச் சம்பளம் கொடுத்து வையுங்கள். டேபிளை விட அந்த ஆள் முக்கியம். முதல் டேபிளை ஊட்டியிலேயே போடலாம்.