ஒரே ஒரு ஓட்டு!

நீங்க யாருக்காகத் தைரியமா நின்னீங்களோ, அவங்களே உங்களைக் கவிழ்த்தா எப்படி இருக்கும்? போலந்தின் ஹன்னா சுஹோட்ஸ்காவுக்கு அதுதான் நடந்துச்சு!

அரசியல் சட்டம் படிச்சவர். 1982-ல் கம்யூனிஸ்ட் அரசு 'சாலிடாரிட்டி' தொழிற்சங்கத்தை ஒழிச்சுக்கட்ட சட்டம் கொண்டுவந்தப்போ, பாராளுமன்றத்தில் எதிர்த்து ஓட்டுப் போட்ட வெகுசிலரில் இவரும் ஒருத்தர். 1992-ல் நாட்டின் முதல் பெண் பிரதமர். 1993 மே மாசம் அதே சாலிடாரிட்டி எம்.பி.க்கள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவர, ஒரே ஓட்டில் ஆட்சி அவுட்!

முடங்கிட்டாரா? ம்ஹூம்! 1997-ல் நீதித்துறை அமைச்சர். 2001-லிருந்து 2013 வரை வாட்டிகனில் போலந்துத் தூதர்.

பதவி ஒரு ஓட்டில் போயிடும் ஃப்ரெண்ட்ஸ்... உருப்படியா படிச்ச சப்ஜெக்ட் போகாது. அரியர் பார்ட்டிகளே, கேக்குதா?