வலியைப் பொறுப்பதுதான் ஈமானா?



மயிலிட்டித் துறையில் மீன் எடுத்து வியாபாரம் செய்யும் சகோதரர் ஒருவர், சென்ற மாதம் தம் உம்மாவை என்னிடம் அழைத்து வந்தார். 1990இல் வடக்கை விட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் பிள்ளைகளை வளர்த்து, யுத்தம் முடிந்தபின் யாழ்ப்பாணம் திரும்பிய குடும்பம். உம்மாவுக்கு மலத்தோடு இரத்தம் போகிறது. பின்துவாரம் வழியாக வளையும் குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் கொலொனோஸ்கோபி பரிசோதனை அவசியம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

“மௌலவி, ஊசி போட்டால் புத்தி மயங்குமாம். அது போதைதானே? போடாவிட்டால் வலியும் வெட்கமும். எனக்குப் பரிசோதனையே வேண்டாம்” என்றார் அந்தத் தாய்.

நான் சொன்னேன்: “உம்மா, உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்கள் தம் காலை வெட்டும்போது மயக்கும் மருந்தை மறுத்த வரலாறு உண்டு. அது அவர்களின் பொறுமை. நம்மீது விதிக்கப்பட்ட சட்டமல்ல. அழுகிய கையை வெட்டுவதற்குப் புத்தியை நீக்கும் மருந்து தேவைப்பட்டால் அது கூடும் என்பதே மிகச் சரியான கருத்து என இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ‘ரவ்ழா’வில் எழுதியுள்ளார்கள். வுளூவோ, ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் முறியும். தெளிந்ததும் வுளூ செய்து தொழுங்கள். முதல் நாளே குடலைச் சுத்தம் செய்ய மருந்து குடிக்க வேண்டியிருப்பதால், நோன்பில்லாத நாளாகப் பாருங்கள்.”

ஆகவே இது ஹராம், ஹலால் கேள்வியல்ல. உடல்நிலையைப் பார்த்து முடிவு செய்யும் விஷயம். குடலை விரிக்கச் செலுத்தும் காற்றாலும், வளைவுகளில் குழாய் திரும்புவதாலும் வலி வரும். சிலர் ஊசியின்றியே தாங்கிக்கொள்வர். கர்ப்பப்பை எடுத்தவர்களுக்குச் சிரமம் கூடலாம். ஊசியோ மூச்சை மந்தமாக்கக்கூடும். இருதய, சுவாச நோய் இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். ஊசி போட்டால் வீட்டார் ஒருவர் துணை வரவேண்டும்; 24 மணி நேரம் வாகனம் ஓட்டவோ, முக்கிய பத்திரங்களில் கையெழுத்திடவோ கூடாது. பெண் வைத்தியர் வேண்டும் என்று கேட்பதும் நம் உரிமையே. கிடைக்காவிட்டால், தேவைக்காக மார்க்கம் இடம் தருகிறது.

கையில் ஊசிக்குழாயைப் பொருத்தி வைத்து, தாங்க முடியாதபோது மட்டும் மருந்து கேட்கலாமா என்று வைத்தியரிடம் விசாரிக்கச் சொன்னேன். அவரும் சம்மதித்தார். உம்மா மகளோடு போனார். பாதியில் ஊசி கேட்டார். குடலில் இருந்த சிறு சதைவளர்ச்சியை அப்போதே எடுத்துவிட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ்!

சகோதரிகளே, ஊசி கேட்டதால் அந்தத் தாயின் ஈமான் குறைந்துவிடவில்லை. வெட்கத்தால் நோயை மூடி வைப்பதுதான் ஆபத்து.